வாசலில் நிற்கும் குள்ள அல்பேர்ட்டா ஸ்புரூஸ் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகிறது, என்ன செய்யலாம்?

வாசல்மரம் (மார்க்கம், ஒன்ராறியோ)

வணக்கம். வாசலின் இரண்டு பக்கமும் குள்ள அல்பேர்ட்டா ஸ்புரூஸ், கூம்பு வடிவ ஊசியிலை மரம், நிற்கிறது, உயரம் நாலரை அடி. இரண்டும் ஒரே கடையில் ஒன்றாக வாங்கியவை. இடப்பக்க மரம் நல்ல பச்சை. வலப்பக்க மரத்தில் சுவரைப் பார்த்த பக்கம் முழுக்கப் பழுப்பு, தொட்டாலே ஊசியிலை கொட்டுகிறது. வீதிப் பக்கம் பச்சைதான், ஆனால் சாம்பல் தூவின மாதிரி மங்கல். இப்போது யூன் கடைசி. மரம் செங்கல் சுவரிலிருந்து ஒன்றரை அடியில், கூரை விளிம்புக்குக் கீழே நிற்கிறது. உரம் போடலாமா, இல்லை தோண்டி எறிவதா?

ஊசியிலை (மிசிசாகா)

உரத்தை இப்போது தொடவே வேண்டாம். முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். பழுப்பும் பச்சையும் சந்திக்கிற இடத்தில் ஒரு கிளைக்குக் கீழே தாளைப் பிடித்து, கிளையை நாலைந்து தரம் பலமாகத் தட்டுங்கள். விழுந்த தூசியை அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். மிளகுத் தூள் அளவுப் புள்ளிகள் மெதுவாக ஊர்ந்தால் அது சிலந்திப்பேன். விரலால் தேய்த்துப் பாருங்கள். பச்சைக் கோடு விழுந்தால் அது ஊசியிலைச் சாறு குடித்த பேன். தாளில் விறுவிறென்று ஓடுபவை பெரும்பாலும் அந்தப் பேனைத் தின்கிற நல்ல சிற்றுயிர்கள், அவற்றை எண்ண வேண்டாம்.

ஒரு தட்டுக்குப் பத்துக்கு மேல் விழுந்தால் வேலை தொடங்க வேண்டும். நீங்கள் சொல்லும் மங்கலே பாதிச் சான்று. கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் ஊசியிலை முழுக்க மஞ்சள் புள்ளி குத்தியிருக்கும், கிளை இடுக்கில் மெல்லிய நூல் தெரியும்.

மண்வெட்டி (ஸ்காபரோ)

பேனைப் பார்க்க முன்னம் இடத்தையும் பாருங்கோ. ஒரு பக்கம் மட்டும் பழுப்பு என்றால் நாலைந்து காரணம் இருக்கு. துணி காயவைக்கிற டிரையரின் காற்றுக் குழாய் அந்தச் சுவரில் திறக்குதா? ஏசியின் வெளிப்பெட்டி பக்கத்தில் இருக்குதா? படிக்குப் போடுற உப்பு அந்தப் பக்கம் தள்ளுப்படுதா? நாய் வந்து நனைக்கிறது என்றால் அடியில் ஒன்றிரண்டு அடிக்குத்தான் கருகும். குளிர்காலக் கருகல் என்றால் தெற்கு, மேற்குப் பக்கம்தான் அடிபடும், அதுவும் மார்ச், ஏப்பிரலிலேயே தெரிஞ்சிருக்கும்.

இன்னொன்று, அடிமரம் மண்ணுக்குள் போகிற இடத்தில் வேர் விரிகிற அகட்டு தெரியுதா? மண்ணை மூடப் போட்டிருக்கிற மரத்தூளைக் கிளறிப் பார்த்துச் சொல்லுங்கோ.

வாசல்மரம்

பார்த்தேன். தாளில் இருபதுக்குக் கிட்ட விழுந்தது, தேய்த்தால் பச்சைக் கோடு. டிரையர் குழாய் மறுபக்கச் சுவரில், ஏசியும் இல்லை. நேற்று நல்ல மழை, ஆனால் அந்த மரத்தடி காய்ந்த மாவாகக் கிடக்கிறது. வேர் அகட்டு தெரியவில்லை, மரத்தூள் அடிமரத்தை ஒட்டி நாலு அங்குல உயரம் குவிந்திருக்கிறது.

ஊசியிலை

அப்போது கதை தெளிவு. மழை படாத இடம், சுவர்ச் சூடு, காற்றோட்டம் இல்லை. பேனுக்கு இதைவிட நல்ல குடியிருப்பு கிடையாது. இடப்பக்க மரத்துக்கு மழையாவது கழுவிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

இந்தப் பேனின் வழக்கத்தைத் தெரிந்துகொண்டால் மருந்துச் செலவு பாதியாகும். ரோசாவிலும் வெண்டியிலும் வருகிற சிலந்திப்பேன் கோடை வெயிலில் பெருகும். ஸ்புரூஸில் வருவது அதற்கு நேர்மாறு, குளிர் மிதமான காலத்து உயிர். முட்டையாகச் சுள்ளிகளிலும் ஊசியிலை அடியிலும் குளிர்காலத்தைக் கழித்து, ஏப்பிரல் கடைசி, மே தொடக்கத்தில் பொரிக்கும். மேயிலும் யூனிலும் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். யூலை வெயில் ஏறியதும் அடங்கிவிடும், செப்டெம்பர், ஒக்ரோபரில் திரும்ப எழும்பும். பழுப்பு நிறம் கண்ணில் படுவதோ யூலை, ஓகஸ்டில். அப்போதுதான் எல்லோரும் மருந்து வாங்க ஓடுவார்கள், மரத்தில் பேனே இருக்காது. நீங்கள் யூன் கடைசியில் தாள் வைத்துப் பார்த்தது நல்லதாய்ப் போயிற்று.

இப்போது செய்ய வேண்டியது:

ஹோஸ் குழாயில் விசையான முனையைப் பூட்டி, காலையில் மரத்தைக் கழுவுங்கள். வெளியிலிருந்து உள்ளே அடித்தால் போதாது. ஒரு கையால் கிளையை விலக்கி, கீழிருந்து மேலாக, சுவர்ப் பக்கத்துக்கும் போய் அடிக்க வேண்டும். பேன் ஊசியிலையின் அடியிலும் சுள்ளியிலும்தான் இருக்கும். நாலைந்து நாளுக்கு ஒரு தரம், மூன்று கிழமை. முட்டை பொரித்துப் பொரித்து வரும் என்பதால் ஒரு தரம் கழுவிவிட்டு விட்டால் பயனில்லை.

முதல் கழுவலுக்கு முன் கையுறை போட்டு, உள்ளே சேர்ந்திருக்கும் செத்த ஊசியிலைகளை உதிர்த்து விடுங்கள். பச்சையாக இருக்கும் மரத்திலும் உட்பகுதியில் வெளிச்சம் படாமல் காய்வது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் அது அப்படியே அடைந்து கிடந்தால் தண்ணீரும் காற்றும் உள்ளே போகாது.

அதற்குப் பிறகும் தாளில் பத்துக்கு மேல் விழுந்தால் பூச்சிச் சவர்க்காரக் கரைசல். மரம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். பட்ட இடத்துப் பேனை மட்டும் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. ஆகவே ஏழு நாள் இடைவெளியில் மூன்று தரம். 30 பாகை தாண்டும் நாளிலும், மரம் தண்ணீர் விடாயோடு நிற்கும்போதும் அடித்தால் ஊசியிலை கருகும், அதனால் முதல் நாளே தண்ணீர் ஊற்றிவிட்டு மாலையில் அடியுங்கள்.

வருகிற ஏப்பிரலில் மொட்டு வெடிக்க முன்பு, செடிகளுக்கு அடிக்கவென்றே விற்கும் தோட்ட எண்ணெய் ஒரு தரம். முட்டையை மூடி மூச்சடைக்க வைப்பது அதுதான். ஒன்று கவனம்: நீலம் பூத்த ஸ்புரூஸ் வகைகளில் எண்ணெய் பட்டால் அந்த நீல மெழுகு போய் வெறும் பச்சையாகிவிடும். உங்களுடையது பச்சை வகை, பிரச்சினை இல்லை.

சாடிச்செடி (பிரம்ப்டன்)

வேரில் ஊற்றுகிற இமிடாகுளோப்ரிட் மருந்து ஒரு தரம் ஊற்றினால் வருஷம் முழுக்கக் காக்கும் என்கிறார்களே, அமெரிக்காவிலிருந்து எடுப்பிக்கலாமா?

ஊசியிலை

வேண்டாம். அது அசுவினிக்கும் வண்டுக்கும் உள்ள மருந்து, பேனுக்கு வேலை செய்யாது. அது ஊற்றிய மரங்களில் பேன் கூடின கதைகள்தான் அதிகம். பைரித்ராய்ட், கார்பரில் வகைப் பூச்சிக்கொல்லி அடித்தாலும் அதே கதி, முதலில் சாவது பேனைத் தின்கிற பூச்சி. இது தவிர, ஒன்ராறியோவில் 2009 ஏப்பிரல் 22 முதல் வீட்டுத் தோட்ட அழகுக்காக அடிக்கும் பூச்சிக்கொல்லிகள் பெரும்பாலானவை தடை. சவர்க்காரக் கரைசலும் தோட்ட எண்ணெயும் அனுமதியில் உள்ளவை, அவையே போதும்.

மண்வெட்டி

பேன் ஒருபக்கம் கிடக்கட்டும். அந்த இடத்தில் மரம் நிற்கும் வரைக்கும் பேன் திரும்பத் திரும்ப வரும். முதல் வேலை தண்ணீர். கூரைக்குக் கீழே நிற்கிற மரத்துக்கு மழையைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கிழமைக்கு ஒருக்கால் 15 முதல் 20 லீற்றர், குழாயை மெல்லிசாகத் திறந்து வேர்ப்பந்தின் மேலேயே விடுங்கோ. நீளமான ஸ்குருடிரைவரை மண்ணில் குத்திப் பார்த்தால் ஆறு அங்குலம் சுலபமாக இறங்க வேணும், இறங்காவிட்டால் தண்ணீர் மேலோடு போயிருக்கு. இந்தத் தண்ணீரை நவம்பரில் மண் உறையும் வரைக்கும் நிறுத்தாதீங்கோ. இங்கே அரைவாசிப் பேர் செப்டெம்பரோடு ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டு ஏப்பிரலில் மரம் கருகிப்போச்சு என்று வருவினம்.

மரத்தூளை அடிமரத்திலிருந்து ஒரு சாண் விலக்குங்கோ. கனம் இரண்டு, மூன்று அங்குலம் போதும். பட்டை எப்போதும் ஈரத்துக்குள் கிடந்தால் அழுகும்.

வாசல்மரம்

நன்றி. பழுத்த பக்கம் திரும்பப் பச்சையாகுமா?

ஊசியிலை

உதிர்ந்த ஊசியிலை அதே இடத்தில் திரும்ப முளைக்காது. சுள்ளி நுனியில் மொட்டு உயிரோடு இருந்தால் மட்டும் புதுத் துளிர் வரும். நகத்தால் சுள்ளியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். காய்ந்த பழுப்பு என்றால், மொட்டைக் கிள்ளும்போது பொடியாக உடைந்தால், அது போனதுதான். கத்தரித்து எடுங்கள். யூன் முடிகிறது, இந்த வருஷத் துளிர் ஏற்கெனவே வந்திருக்க வேண்டும், ஆகவே இப்போது வெறுமையாக இருக்கும் சுள்ளியில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். அந்தப் பள்ளம் அக்கம்பக்கத்துக் கிளை வளர்ந்து மூடச் சில வருஷம் எடுக்கும். பாதிக்கு மேல் வெறுமை என்றால் என் கருத்து, மரத்தை மாற்றுவதே மேல். வாசலில் சோடியாக நிற்கும்போது ஒன்று அரைமொட்டையாக இருந்தால் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

மண்வெட்டி

நான் எறியச் சொல்ல மாட்டன். ஓகஸ்ட் கடைசியில் கிளப்பி, வெறுமைப் பக்கம் வேலிக்குத் திரும்புகிற மாதிரி வேறு இடத்தில் வையுங்கோ. நல்ல வெயில், சுவரிலிருந்து குறைந்தது நாலு அடி. ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் கடைசி வரை நடலாம். பிந்தினால் மண் உறைய முன்னம் வேர் பிடிக்க நேரம் காணாது. வசந்தத்தில் என்றால் ஏப்பிரல் கடைசியிலிருந்து.

முதல் நாள் நல்லாத் தண்ணீர் ஊற்றுங்கோ. வேர்ப்பந்து குறைந்தது 20 அங்குல அகலம், 14 அங்குல ஆழம். அதைச் சாக்கில் இழுத்துப் போகலாம், அடிமரத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

புதுக்குழி வேர்ப்பந்தின் இரண்டு, மூன்று மடங்கு அகலம். ஆழம் வேர்ப்பந்தின் உயரத்தை விடக் கொஞ்சம் குறைவாகவே. எங்கட களிமண்ணில் வேர்ப்பந்தின் மேல்முகம் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்க வேணும், பிறகு அது தானாக அமரும். மண்வெட்டி வழித்த குழிச்சுவர் களிமண்ணில் வழுவழுவென்று இறுகிப்போயிருக்கும். முள்ளுக்கரண்டியால் கீறிவிடாவிட்டால் வேர் அதில் முட்டி வட்டமடிக்கும். அடியில் சல்லி போடாதீங்கோ, அது வடிகால் அல்ல, தண்ணீரை மேலே நிறுத்தி வைக்கும்.

இடம் சரியோ என்று முன்கூட்டியே பார்க்க: ஓரடி ஆழத்தில் சின்னக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கோ, வடிந்த பிறகு மறுபடி நிரப்புங்கோ. மணிக்கு ஓர் அங்குலம் இறங்கினால் சரி. மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே ஸ்புரூஸ் வேண்டாம்.

சாடிச்செடி

குழியில் பாதிக்குப் பாதி பீற் மொசும் கொம்போஸ்ட்டும் கலந்தால் வேர் சுகமாக இறங்குமே?

மண்வெட்டி

இறங்கும், குழிக்குள்ளேயே சுகமாக இருந்துவிடும், வெளியே வராது. களிமண்ணுக்கு நடுவில் பஞ்சு மாதிரிக் குழி இருந்தால் மழைத் தண்ணீர் எல்லாம் அதற்குள் வந்து நிற்கும், வேர் மூச்சுத் திணறும். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கோ. கொம்போஸ்ட்டை மேலே ஓரங்குலம் பரப்பலாம்.

ஊசியிலை

இதில் ஒரு சின்னத் திருத்தம். கடைச் சாடியில் வருகிற மரத்தின் வேர்ப்பந்தே முழுக்கப் பீற்றும் பட்டைத் துகளும்தான். அதைச் சுற்றி வெறும் களிமண் போட்டால், சுற்றி ஈரமும் பந்துக்குள் வறட்சியுமாக முதல் கோடையிலேயே காய்ந்துபோகிற மரங்கள் நிறைய. அதற்கு மருந்து மண்கலவை அல்ல. பந்தின் வெளி ஓரத்தை ஓரங்குலம் வாளால் சீவி, வட்டமடித்த வேர்களை அறுத்து, உள்வேர் நேரே தோட்டத்து மண்ணைத் தொடும்படி வைப்பதுதான். பந்தின் மேல்பகுதியையும் கிளறுங்கள். சாடி மரங்களில் வேர் அகட்டு இரண்டு, மூன்று அங்குலம் புதைந்தே வரும். அதை வெளியே எடுத்த பிறகுதான் குழியின் ஆழத்தை அளக்க வேண்டும். சாக்கில் கட்டிய மரம் என்றால் குழிக்குள் வைத்த பிறகு கம்பியையும் கயிற்றையும் வெட்டி, சாக்கை முடிந்தளவு எடுத்துவிடுங்கள்.

வாசல்மரம்

அந்த இடத்தில் பிறகு என்ன வைக்கலாம்? இன்னொரு ஸ்புரூஸ் என்றால் இதே கூத்துத்தானே.

ஊசியிலை

சுவரோரம், கூரைக்குக் கீழே என்றால் குள்ள யூ (yew) என்ற ஊசியிலைச் செடி. நிழலையும், ஒருமுறை வேர் பிடித்த பின் வறட்சியையும் தாங்கும். பழைய தடியில் வெட்டினாலும் திரும்பத் துளிர்க்கும், ஸ்புரூஸுக்கு இல்லாத குணம். தண்ணீர் தேங்கினால் மட்டும் செத்துப்போகும். இலையும் விதையும் நஞ்சு, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் யோசியுங்கள். குள்ள ஹெம்லொக் என்ற ஊசியிலை மரத்தைச் சிலர் சொல்வார்கள், ஆனால் அதையும் இதே பேன் பிடிக்கும்.

பனிக்கூரை (ஓட்டாவா)

குளிர்காலத்தில் மரத்தைச் சாக்கால் சுற்றுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒவ்வொரு வாசலிலும் மம்மி மாதிரி நிற்கிறது.

மண்வெட்டி

குளிருக்காகச் சுற்றத் தேவையே இல்லை. இது அல்பேர்ட்டா மரம், பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையையும் தாங்கும். கருகுவது வெயிலாலும் காற்றாலும். பெப்ரவரி, மார்ச்சில் வெயில் பட்டு ஊசியிலை சூடேறி ஈரத்தை விடும், மண் உறைந்து கிடப்பதால் வேரால் ஈடுகட்ட ஏலாது. ஸ்னோவிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் இன்னும் கூட்டும். அதனால் தெற்கு, மேற்குப் பக்கத்தில் மட்டும் மூன்று தடி நட்டு, சணல் சாக்கைத் திரைபோல் கட்டுங்கோ, மரத்திலிருந்து ஒரு சாண் விலகி. மேலே திறந்திருக்கட்டும். மரத்தோடு ஒட்டிச் சுற்றினால் ஈரச் சாக்கு உறைந்து, தொட்ட இடமெல்லாம் கருகும். பிளாஸ்டிக் கூடவே கூடாது, வெயில் நாளில் உள்ளே வெந்துவிடும். தடியை மண் உறைய முன்னம் நடுங்கோ, டிசெம்பரில் சுத்தியலால் அடித்தும் இறங்காது.

வாசல் மரத்துக்கு உப்புத்தான் பெரிய எதிரி. படிக்கு மணல் போடுங்கோ. உப்புப் போட்ட ஸ்னோவை மரத்தடியில் தள்ளாதீங்கோ. தள்ளுப்பட்டிருந்தால் ஏப்பிரலில் மண் இளகினதும் இரண்டு, மூன்று தரம் நல்லாத் தண்ணீர் விட்டுக் கழுவ வேணும்.

சாடிச்செடி

நத்தார் நேரம் கடைகளில் மினுக்கத்தாள் சுற்றி, பந்து தொங்கவிட்டு விற்கிறார்களே, அதுவும் இதே மரம்தானா? வீட்டுக்குள் எவ்வளவு நாள் வைக்கலாம்?

ஊசியிலை

இதே மரம்தான். பத்து நாளைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் வீட்டுச் சூட்டில் இருந்தால் குளிர்கால உறக்கம் கலைந்து மொட்டு இளகும், பிறகு வெளியே வைத்ததும் செத்துப்போகும். வீட்டுக்குள் செத்தாலும் ஊசியிலை பல கிழமைக்குப் பச்சையாகவே நிற்கும், அதனால்தான் தை மாதம் வரைக்கும் உயிரோடு இருக்கிறது என்று நம்பித் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

மினுக்கத்தாளின் அடியை முதல் நாளே வெட்டிவிடுங்கள், உள்ளே தேங்கும் தண்ணீரில் வேர் அழுகும். ஹீற்றர் காற்று வரும் துவாரத்துக்கு அருகே வேண்டாம். மினுக்கமோ செயற்கைப் பனியோ தெளித்த மரத்தை வாங்காதீர்கள். நத்தார் முடிந்ததும் சூடாக்காத கராஜில் வையுங்கள், மண் காயும்போது மட்டும் கொஞ்சம் தண்ணீர், ஏப்பிரல் கடைசியில் நடுங்கள். சாடியிலேயே வளர்ப்பது என்றாலும் குளிர்காலத்துக்கு இந்த ஏற்பாடுதான். தலை தாங்கும் குளிரை வேர் தாங்காது, திறந்த டெக்கில் நிற்கும் சாடி நாலா பக்கமும் உறையும். வாய் அகலம் 16 அங்குலத்துக்குக் குறையாமல், அடியில் துளை உள்ள சாடி.

நீலமலை (கோயம்புத்தூர்)

படத்தில் பார்த்தால் கச்சிதமான கூம்பு, ஆசையாக இருக்கிறது. கோவையில் தொட்டியில் வளர்க்க முடியுமா? ஊட்டியில்?

ஊசியிலை

கோவையில் முடியாது. நீண்ட குளிரில் உறங்கி எழுந்தால்தான் இதன் மொட்டு ஒழுங்காக விரியும், இரவும் சூடாக இருக்கும் ஊரில் மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தாலும் இந்த மரம் கேட்கும் நீளத்துக்குக் குளிர்காலம் கிடையாது. கோவையில் கூம்பு வடிவம் வேண்டுமானால் நர்சரிகளில் கிடைக்கும் தூஜாவின் குட்டை வகையைப் பாருங்கள். முழு வெயில், வடிகால் உள்ள மண், மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். ஊட்டிக்கு சைப்ரஸ், கிரிப்டோமேரியா வகைகள் நன்றாகவே வரும்.

பனிக்கூரை

கடைச் சீட்டில் உயரம் 4 அடி என்று போட்டிருக்கிறது. அதோடு நின்றுவிடுமா?

மண்வெட்டி

நிற்காது. ஊசியிலை மரச் சீட்டில் போடுகிற உயரம் பெரும்பாலும் பத்து வருஷக் கணக்கு. அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தின் கணக்கில் குள்ளம் என்றால் வருஷத்துக்கு ஒன்று முதல் ஆறு அங்குலம் வளர்வது, அவ்வளவுதான். அல்பேர்ட்டா ஸ்புரூஸ் வருஷம் இரண்டு முதல் நாலு அங்குலம் போடும், மரம் இருக்கும் வரைக்கும் போட்டுக்கொண்டே இருக்கும். பழைய மரங்கள் 10 அடியைத் தாண்டி யன்னலை மறைக்கிறதைப் பழைய குடியிருப்புகளில் பார்க்கலாம். உண்மையாகவே சின்னதாக வேணுமென்றால் ‘ஜீன்ஸ் டில்லி’ வாங்குங்கோ, அது இதில் பாதி வேகம். உருண்டையாக வேணுமென்றால் ‘அல்பேர்ட்டா குளோப்’. ‘ரெயின்போஸ் எண்ட்’ கோடை நடுவில் இரண்டாம் துளிரை மஞ்சளாக விடும், கடும் வெயிலில் அந்த மஞ்சள் கருகும்.

வாசல்மரம்

இன்னொரு கேள்வி. இடப்பக்க மரத்தின் நடுவிலிருந்து ஒரு கிளை மட்டும் ஓரடி நீளத்துக்கு விசுக்கென்று வெளியே நீட்டியிருக்கிறது. ஊசியிலையும் பெரிது, இடைவெளி விட்டு இருக்கிறது. நோயா?

ஊசியிலை

நோய் இல்லை, மரம் தன் பழைய குணத்துக்குத் திரும்புகிறது. 1904-இல் அமெரிக்காவின் ஆர்னல்ட் மரத்தோட்டத்தைச் சேர்ந்த ஜாக், ரேடர் இருவரும் அல்பேர்ட்டாவின் லகான் என்ற ஊர்ப் பக்கம், இன்றைய லேக் லூயிஸ், கண்டெடுத்த குள்ளத்தின் வழிவந்தவைதான் கடையில் விற்கும் அத்தனையும், எல்லாம் கிளைத் துண்டுகளை வேர்விட வைத்துப் பெருக்கியவை. மூலம் 60, 70 அடி வளரும் வெள்ளை ஸ்புரூஸ். இடையிடையே ஒரு மொட்டு அந்த உயரமான குணத்தோடு வெடிக்கும்.

இன்றைக்கே வெட்டுங்கள். வெளியே தெரிகிற அளவுக்கு மட்டம் தட்டினால் பக்கக் கிளை விட்டு இன்னும் பெருக்கும். கிளையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய், அது தொடங்கும் கணுவில், அடிமரத்தோடு ஒட்டி, ஆனால் அடிக்கழுத்துப் புடைப்பைக் காயப்படுத்தாமல் வெட்டுங்கள். கத்தரியை முன்னும் பின்னும் ஸ்பிரிற்றால் துடையுங்கள், வெட்டுக்கு மருந்து பூச வேண்டாம். அதே இடத்தை அடுத்த இரண்டு யூன் மாதமும் விலக்கிப் பாருங்கள், பக்கத்து மொட்டும் அப்படி வரக்கூடும்.

மண்வெட்டி

வெட்டேக்க அந்த மரத்திலும் தாளைப் பிடிச்சு ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கோ. பேன் காற்றில் நூல் விட்டுப் பறந்து போகிற சாதி, ஆறடி தூரம் அதுக்கு ஒரு தூரமே இல்லை.